பம்பருக்கு எவ்வளவு, பிரேக்குக்கு எவ்வளவு?

பெறுநர்: இந்திய வாகன உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பான சியாமுக்கும், அதன் உறுப்பினர் நிறுவனங்களில் வேரியன்ட் (ஒரே மாடலின் வெவ்வேறு விலைப் படிகள்) பிரித்து விலை போடும் பிரிவினருக்கும்.

அன்புடையீர்,

வணக்கம். நாங்கள் பட்டறை, பெயின்ட் பூத், உதிரிபாகக் கடை, இன்சூரன்ஸ் சர்வே என்று வெவ்வேறு வேலைகளில் இருப்பவர்கள். ஷோரூமை விட்டு வெளியே வந்த வண்டியின் தோலையும் எலும்பையும் தனித்தனியாகக் கழற்றிப் பார்ப்பது எங்கள் தொழில். அந்த அனுபவத்தை வைத்து உங்களிடம் சில கோரிக்கைகள் வைக்கிறோம். முதலாவது: விலைப்பட்டியலில் தோற்றத்துக்கு வாங்கும் தொகையைத் தனி வரியாக அச்சிடுங்கள்.

அழகுக்குக் காசு வாங்கக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நகைக்கடையில் எந்தச் சங்கிலியை எடுத்தாலும் பில்லில் தங்கம் தனி, செய்கூலி தனி, சேதாரம் தனி. செய்கூலி அதிகம் என்று தெரிந்தேதான் ஒருவர் வேலைப்பாடு உள்ள சங்கிலியை எடுக்கிறார். வேண்டாம் என்பவர் உருட்டுச் சங்கிலியோடு போகிறார். சில ஆயிரம் ரூபாய் மோதிரத்துக்கு இருக்கும் இந்த நேர்மை பத்து லட்ச ரூபாய் காருக்கு இல்லை.

எங்கே குழப்பம் வருகிறது என்பதை ஒரு பைக்கை வைத்தே காட்டலாம். 2022 ஆகஸ்டில் ராயல் என்ஃபீல்டு ஹன்டர் 350 வந்தபோது சென்னை ஷோரூம் விலை மூன்று படிகளாக இருந்தது. ரெட்ரோ ரூ.1,49,900. மெட்ரோ டாப்பர் ரூ.1,63,900. மெட்ரோ ரெபெல் ரூ.1,68,900. மூன்றிலும் அதே 349 சி.சி. இன்ஜின், அதே 20.2 குதிரைத்திறன், அதே 27 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). முதல் படிக்கும் இரண்டாம் படிக்கும் இடையே உள்ள 14,000 ரூபாயில் பின்சக்கர டிரம் பிரேக் டிஸ்க் ஆகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., ஒரு சேனலிலிருந்து (முன்சக்கரம் மட்டும்) இரண்டு சேனல் (இரு சக்கரமும்) ஆகிறது. ட்யூப் போட்ட ஸ்போக் வீல் போய் ட்யூப்லெஸ் டயரோடு அலாய் வீல் வருகிறது. பின் டயரின் அகலம் 120 மி.மீ.யிலிருந்து 140 மி.மீ.க்குப் போகிறது. மழையில் அழுத்திப் பிடிக்கும்போதும், ராத்திரி நேரத்தில் ஆணி ஏறும்போதும் இந்த வித்தியாசம் தெரியும். ஸ்போக் வீலில் பஞ்சர் என்றால் செயினை விலக்கி வீலையே கழற்றி ட்யூபை வெளியே எடுக்க வேண்டும். ட்யூப்லெஸ்ஸில் வீலைக் கழற்றாமலே ஒரு ரப்பர் திரியைச் சொருகிக் காற்றடித்தால் வீடு போய்ச் சேரலாம். இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையே உள்ள 5,000 ரூபாய் முழுக்க நிறத்துக்கும் கிராஃபிக்ஸுக்கும்.

இரண்டுமே வாங்கத் தகுந்தவைதான். ஆனால் பட்டியலைப் பார்க்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே ஏணியின் அடுத்தடுத்த படிகள். “இன்னும் அஞ்சாயிரம் போட்டா டாப் மாடல் சார்” என்று விற்பனையாளர் சொன்னால், மேலே ஏதோ இயந்திர வித்தியாசம் இருக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார். இதைவிட வருத்தமானது, பட்ஜெட் இடிக்கிறது என்று கீழ்ப்படியோடு நின்றுவிட்டவர் தான் விட்டுக்கொடுத்தது பின் டிஸ்க்கையும் இரண்டாவது ஏ.பி.எஸ். சேனலையும் என்று அறியாமல் போவது. நிறம் கொஞ்சம் சுமார், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறார்.

படி தலைகீழாகப் போவதும் உண்டு. 2021இல் வந்த புதிய கிளாசிக் 350இல் அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும் இருந்த “டார்க்” (கருநிற) வரிசை ரூ.2.11 லட்சம். அதற்கும் மேலே, ரூ.2.15 லட்சத்துக்கு இருந்த குரோம் வரிசையில் ஸ்போக் வீலும் ட்யூபும். குரோம் பளபளப்புக்காக நாலாயிரம் கூடக் கொடுத்து, பஞ்சர் கஷ்டத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ஸ்போக் வீலின் அழகை ரசித்தே அதை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு எங்களுக்குச் சண்டை இல்லை. தெரியாமல் எடுப்பவர்களைப் பற்றித்தான் பேசுகிறோம்.

அடுத்தது ஓசூர். அங்கே ஒரே டி.வி.எஸ். ஆலையில் அப்பாச்சி ஆர்.ஆர். 310உம் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஆர்.ஆர்.உம் தயாராயின. 2022 ஜூலையில் இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால்: 312 சி.சி., 34 பி.எஸ். குதிரைத்திறன், 27.3 நியூட்டன் மீட்டர், 1,365 மி.மீ. வீல்பேஸ், 174 கிலோ. எண்ணுக்கு எண் ஒன்று. அப்பாச்சி ரூ.2.65 லட்சம், பி.எம்.டபிள்யூ. ரூ.2.85 லட்சம். டேங்கில் இருக்கும் சின்னத்துக்கும், அதோடு வரும் ஷோரூம் மரியாதைக்கும் இருபதாயிரம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கும் மேலே “ஸ்டைல் ஸ்போர்ட்” என்று வெள்ளை, நீலம், சிவப்புப் பூச்சில் ஒன்று, ரூ.2.99 லட்சம். இந்தப் பதினாலாயிரம் பூச்சுக்கு. பெயரிலேயே “ஸ்டைல்” என்று எழுதியிருந்தார்கள். அந்த அளவுக்கு நேர்மை என்று பாராட்டத்தான் வேண்டும்.

அதே ஓசூரில் இதற்குச் சரியான முன்மாதிரியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அப்பாச்சி ஆர்.ஆர். 310க்கு வாடிக்கையாளர் விருப்பப்படி கட்டித்தரும் முறை வந்தது. முழுக்க மாற்றியமைக்கக்கூடிய சஸ்பென்ஷனும் துருப்பிடிக்காத பித்தளைப் பூச்சுச் செயினும் அடங்கிய கிட் ரூ.12,000. தாழ்ந்த ஹேண்டில்பாரும் சொரசொரப்பான ஃபுட்பெக்கும் அடங்கிய ரேஸ் கிட் ரூ.5,000. ரேஸ் கிராஃபிக்ஸ் தனியாக ரூ.4,500. சஸ்பென்ஷன் வேண்டும், ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்ல முடிந்தது. இதைச் செய்ய முடியாது, ஆலையின் ஓட்டம் கெட்டுவிடும் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

இப்போது காருக்கு வருவோம். தோற்றத்துக்கு நீங்கள் போடும் விலை வாங்குபவர் கொடுக்கும் விலை அல்ல. அதன்மேல் வரி ஏறுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்கு உட்பட்ட சின்ன இன்ஜின் கார்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., பெரிய கார்களுக்கு 40 சதவீதம். பெரிய காரில் வரிக்கு முன் 50,000 ரூபாய் மதிப்புள்ள கறுப்புத் தோற்றத் தொகுப்பு ஷோரூம் விலையில் 70,000 ஆகிறது. தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையிலான கார் என்றால் பதிவின்போது ஒரே தடவையாகக் கட்டும் 18 சதவீத ஆயுள் வரியாக இன்னும் 12,600. ஆக 82,600. அதே மாதிரி ஸ்டிக்கரையும் வீல் கவரையும் பதிவு முடிந்த பிறகு தனி பில்லில் வாங்கினால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு முடிந்தது, ஆயுள் வரி கிடையாது. (விளக்கு, வயரிங், வீல் சைஸ் ஆகியவற்றில் வெளியே கை வைக்க வேண்டாம். வாரன்டியும் போகும், பாதுகாப்பும் போகும். கார் நிறத்தையே மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும்.)

இதில் பத்து லட்சக் கோடு ஒரு பள்ளம். 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரிப்படி 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டும் அல்ல, முழு விலைக்கும். ரூ.9,95,000 காருக்கு வரி ரூ.1,29,350. அதே காரின் “பிளாக்” பதிப்பு ரூ.10,20,000 என்றால் வரி ரூ.1,83,600. விலையில் வித்தியாசம் 25,000, வரியில் வித்தியாசம் 54,250, கூட்டினால் 79,250. பத்து லட்சத்தைத் தாண்டியதால் 1 சதவீதம் டி.சி.எஸ். (விற்பவரே வசூலித்துக் கட்டும் வருமான வரி) வேறு பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் வாங்கும் அன்று கையிலிருந்து போகும். ஆன்ரோடு விலைக்கே 9 சதவீத வட்டியில் ஏழு வருடக் கடன் போடுபவருக்கு இந்த 79,250 மாதம் சுமார் 1,275 ரூபாய்; முடிவில் ஒரு லட்சத்து ஏழாயிரம். கறுப்பு கிரில்லும் கறுப்பு அலாயும்தான் வண்டியில் வித்தியாசம். வரியை நீங்கள் போடவில்லை, சரி. ஆனால் 9.95க்கும் 10.20க்கும் நடுவே எந்தக் கோடு ஓடுகிறது என்று உங்கள் விலைப் பிரிவுக்குத் தெரியாமல் இருக்காது.

வாங்கிய பிறகான கதைதான் எங்களுக்கு அதிகம் தெரியும். அதில் முதல் ஆள் வீல். மாருதி பலேனோவிலும், டொயோட்டா சின்னத்தில் வரும் அதன் இரட்டையான க்ளான்ஸாவிலும் கீழ் வேரியன்டுக்கு 185/65 ஆர்15 டயர், மேல் வேரியன்டுக்கு 195/55 ஆர்16. கணக்குப் போட்டால் இரண்டின் வெளி விட்டமும் ஏறக்குறைய 621 மி.மீ. உருளும் சக்கரம் ஒன்றேதான். மாறுவது ரப்பருக்கும் உலோகத்துக்குமான பங்கு. பதினைந்து அங்குல வீலில் டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ., பதினாறில் 107 மி.மீ. பள்ளத்தில் இறங்கும்போது நசுங்கி அடியை வாங்க வேண்டிய ரப்பரில் 13 மி.மீ. குறைந்துபோகிறது. ரிம் வளைவதும், பக்கச்சுவரில் நூல் அறுந்து முட்டை மாதிரிப் புடைப்பதும் பதினாறில் எளிதில் நடக்கும். புடைத்த டயருக்கு வைத்தியம் கிடையாது, மாற்றத்தான் வேண்டும். அகல டயர் வளைவில் பிடித்து நிற்கும் என்பதும் உண்மை. அதையும் பட்டியலில் சொல்லுங்கள், இதையும் சொல்லுங்கள்.

மேல் வேரியன்டுகளில் வரும் டயமண்ட் கட் அலாயில் இன்னொரு சங்கடம். முகப்பை லேத்தில் சீவி மேலே கிளியர் (நிறமற்ற காப்புப் பூச்சு) அடித்திருப்பார்கள். நடைபாதை ஓரக்கல்லில் ஒருமுறை உரசினால் கிளியர் கிழிந்து, ஈரம் உள்ளே போய், புழு ஊர்ந்த தடம் மாதிரி வெள்ளையாக அரிக்கத் தொடங்கும். திரும்ப லேத்தில் ஏற்றினால்தான் பழைய தோற்றம் வரும். ஒவ்வொரு முறையும் உலோகம் குறைவதால் ஓரிரு தடவைக்கு மேல் சீவக் கூடாது. சாதாரண சில்வர் அலாய் என்றால் தேய்த்து ஸ்ப்ரே அடித்துவிடலாம்.

நிறத்திலும் இதே கதை. சாலிட் வெள்ளையில் ஃபென்டர் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடு) உரசினால் ஃபென்டரை மட்டும் அடித்துக் கொடுக்கலாம். பேர்ல் நிறம் மூன்று அடுக்கு: அடிநிறம், நடுவே முத்துப் பூச்சு, மேலே கிளியர். நடுப்பூச்சை இரண்டு கை அடிப்பதா மூன்று கை அடிப்பதா என்பதைப் பொறுத்தே நிறம் மாறும் என்பதால், முதலில் தனித் தகட்டில் அடித்து வெயிலில் காட்டி ஒப்பிட வேண்டும். அப்போதும் பக்கத்துக் கதவுக்குக் கொஞ்சம் இழுத்துக் கலந்தால்தான் கண் உறுத்தாது. ஒரு பேனல் வேலை இரண்டு மூன்று பேனல் வேலை ஆகிவிடும். பளபளப்பில்லாத மேட் பூச்சு இன்னும் மோசம். பளபளப்பைக் குறைக்கும் பொருள் கிளியரிலேயே கலந்திருப்பதால் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று திட்டாகத் தெரியும். சின்னக் கீறலுக்கும் முழுப் பேனலையே திரும்ப அடிக்க வேண்டும். கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு மேட் நிறம் விற்கும்போது இந்த ஒரு விஷயத்தை எந்த பிரோஷரிலும் நாங்கள் பார்த்ததில்லை.

வீல் ஆர்ச்சில் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை ஒட்டி ஹேட்ச்பேக்கை எஸ்.யூ.வி. ஆக்கும் வழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. அதை நிறுத்திப்பிடிக்கும் கிளிப்புகள் ஒருமுறை மாட்டத்தான். கழற்றினால் பாதி உடையும். புதுக் கிளிப் வாங்காமல் பழையதையே திணித்தால் நெடுஞ்சாலையில் பட்டை படபடக்கும். உள்ளே சேறு தங்கி ஃபென்டர் விளிம்பில் துருவும் ஏறும். இன்சூரன்ஸில்தான் பெரிய அடி. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர், நைலான் பாகங்களுக்கு வண்டி புதிதாக இருந்தாலும் 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். பெயின்டிங்கை ஒரே பில்லாகப் போட்டால் அதில் 25 சதவீதம் பொருள் செலவு என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைத்தான் கழிப்பார்கள். ஆக, 10,000 ரூபாய் பம்பருக்கு வண்டிக்காரர் கையிலிருந்து 5,000; 10,000 ரூபாய் பெயின்ட் வேலைக்கு 1,250. தகடு இருந்த இடத்தில் எல்லாம் பிளாஸ்டிக் அலங்காரம் ஒட்டினால் கிளெய்ம் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை விளக்க வேண்டியதில்லை. தேய்மானம் கழிக்காத “ஜீரோ டெப்” எடுத்தால் தப்பிக்கலாம். அதற்கும் தனி பிரீமியம்.

எல்லாவற்றையும்விட எங்களைக் கவலைப்பட வைப்பது தோற்றப் பாகங்களின் ஆயுள். ஒரகடம் ஆலையிலிருந்து 2012இல் ரெனோ டஸ்டர் வந்தது. அடுத்த ஆண்டு அதே ஆலையிலிருந்து நிசான் டெரானோ. கிரில், விளக்குகள், பானெட், பின்கதவு என்று தோல் மாறியது; விலையும் டஸ்டருக்கு மேலே. உள்ளே அதே 1.5 லிட்டர் கே9கே டீசல் இன்ஜின். அது சன்னி, ஸ்காலா, மைக்ரா, பல்ஸ் என்று ஊரெல்லாம் ஓடிய இன்ஜின். அதனால் டெரானோவின் டீசல் ஃபில்டரோ டைமிங் பெல்ட்டோ தேடி யாரும் அலைய வேண்டாம். ஹெட்லைட் உடைந்தால்தான் அலைச்சல். டஸ்டருடையது பொருந்தாது. காரணம் எளிது. இயந்திரப் பாகம் நாலைந்து மாடல்களுக்குப் பொது, லட்சக்கணக்கில் ஓடும், வெளிச் சந்தையிலும் செய்வார்கள். தோற்றப் பாகம் அந்த ஒரு மாடலுக்கு மட்டும், குறைந்த எண்ணிக்கை. உற்பத்தி நின்றதும் முதலில் தீர்வதும் அதுதான், யாரும் திரும்பச் செய்யாததும் அதுதான். எதற்காக வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுத்தாரோ, அதுவே முதலில் கிடைக்காமல் போகிறது.

தோற்றம் மாற்றுவதற்கு உண்மையில் செலவு ஆகிறது என்பதை மறுக்கவில்லை. ஒரு கதவின் வெளித்தகட்டை மாற்றினால் இழுக்க, வெட்ட, துளைக்க, மடிக்க என்று வரிசையாக டைகள் (தகட்டை வடிக்கும் அச்சுகள்) வேண்டும். விளக்கு மாறினால் மறுபடி சான்று வாங்க வேண்டும். தகடு மாறியிருந்தால் அந்த விலையைச் சொல்லிக் கேளுங்கள், கொடுக்க ஆள் உண்டு. கிரில்லும் ஸ்டிக்கரும் மட்டும் மாறியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

சின்னத்துக்குக் கொடுக்கும் பணம் எப்போதும் வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2019இல் க்ளான்ஸா வந்தபோது டொயோட்டா வாரன்டி 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ.; பலேனோவுக்கு 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ. நிறைய ஓட்டுபவருக்கு அது பணத்துக்குத் தகுந்த சமாசாரம். 2024 ஜூலையில் மாருதியும் 3 ஆண்டு, 1 லட்சம் கி.மீ. என்று மாற்றியதும் அந்தக் காரணம் போய்விட்டது. இரண்டு ஷோரூமிலும் அன்று போய் நின்றவருக்கு இதை ஒரே தாளில் ஒப்பிட்டுக் காட்டியவர் யாரும் இருந்திருக்க மாட்டார்.

ஆகவே நாங்கள் கேட்பது சிக்கலானது இல்லை. ஒவ்வொரு வேரியன்ட் படிக்கும் கீழே, விலை வித்தியாசத்தை இயக்கம், பாதுகாப்பு, வசதி, தோற்றம் என்று பிரித்துப் போடுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(9) பிரிவு பொருளின் தரம், அளவு, விலை பற்றித் தெரிந்துகொள்வதை நுகர்வோர் உரிமை என்கிறது. நாங்கள் கேட்பது அதன் எல்லைக்குள்தான் வருகிறது. பிரேக், ஏ.பி.எஸ்., ஏர்பேக், டயர் ஆகியவற்றை நிறத்தோடும் சன்ரூஃபோடும் முடிச்சுப் போடாதீர்கள். எளிய நிறத்தை எடுப்பவருக்கும் பின் டிஸ்க் கிடைக்கட்டும். இரண்டு சின்னத்தில் ஓடும் ஒரே வண்டிக்கு, ஒரு பாகம் இரண்டு பெட்டியில் இரண்டு எண்ணோடு வருகிறது என்றால், இரு எண்களையும் பொருத்திக் காட்டும் பட்டியலை வெளியிடுங்கள். கடைக்காரருக்கும் மெக்கானிக்குக்கும் பாதி நாள் மிச்சம். தோற்றப் பாகங்கள் உற்பத்தி நின்ற பிறகு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை வாரன்டி புத்தகத்தில் எழுதுங்கள். நிறப் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை அடுக்குப் பூச்சு என்றும், ஒரு கதவை மறுபடி அடிக்க உங்கள் சர்வீஸ் சென்டரில் என்ன கட்டணம் என்றும் போடுங்கள்.

முதல் கோரிக்கைக்கு மாதிரி வேண்டும் என்றால், மேலே சொன்ன ஹன்டர் பட்டியலிலேயே இப்படி எழுதியிருக்கலாம்:

ரெட்ரோவிலிருந்து மெட்ரோ டாப்பர்: ரூ.14,000. பின் டிஸ்க், இரட்டைச் சேனல் ஏ.பி.எஸ்., அலாய் வீல், அகலமான ட்யூப்லெஸ் டயர், நிறம்.

டாப்பரிலிருந்து ரெபெல்: ரூ.5,000. நிறமும் கிராஃபிக்ஸும் மட்டும்.

இரண்டு வரிதான். அச்சுச் செலவும் பெரிதாக வராது.

இப்படிக்கு,
பட்டறை, பெயின்ட், உதிரிபாகம், சர்வே வேலைகளில் இருப்போர்
தமிழ்நாடு